தலைதட்டி ஒரு ஸ்பூன்

பேக்கரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவர் தராசு. நேரில் தராசண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் தராசு. முப்பத்தெட்டு வருஷமாக மாவோ சர்க்கரையோ வெண்ணெயோ எடை போடாமல் அவர் கையிலிருந்து பாத்திரத்தில் விழுந்ததில்லை. சுவரோரக் கல் மேடையில் இரண்டு தராசுகள் இருந்தன. பெரியது மைதாவுக்கு. சின்னது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடித் தட்டு வைத்தது, உப்புக்கும் ஈஸ்ட்டுக்கும். அந்தச் சின்னதை வேறு யாராவது தொட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைத் துடைப்பதற்கென்று ஒரு தனித் துணி வைத்திருந்தார். அந்தத் துணியைத் துவைக்கக்கூட யாரிடமும் கொடுத்ததில்லை.

கப், கரண்டி, கைப்பிடி என்று பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கப்பு ஆளுக்கு ஒண்ணு சொல்லும். தராசு எல்லாருக்கும் ஒண்ணுதான் சொல்லும்" என்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அடுப்புக்காரர், அவர் முதல் பாதியைச் சொன்னதும் இரண்டாம் பாதியைத் தானே சொல்லி முடித்துவிடுவார். அதற்கும் இவர் சளைக்கமாட்டார். அடுத்த நாளும் சொல்வார்.

இவ்வளவு கறாரான மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஸ்பூனை நம்பி அளந்தார். அது மனைவிக்காக.

மனைவிக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். உடம்பில் நீர் தங்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும்; மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி உப்பைக் குறைப்பதில் இருக்கிறது. அடியோடு நிறுத்தினாலும் தலை சுற்றி விழ நேரும், அதனால் அளவு முக்கியம் என்றார். அந்த அளவைச் சொல்ல அடுத்த அறையில் ஒரு பெண் இருந்தாள். கல்லூரியை விட்டு நேற்றுத்தான் வெளியே வந்தவள்போல இருந்த உணவு ஆலோசகர். அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: நாள் முழுவதற்கும் சேர்த்து உப்பு ஐந்து கிராம். அதற்குக் கீழே, வீட்டில் தராசு இல்லாதவர்களுக்காக இன்னொரு வரி: டீஸ்பூனில் தலைதட்டி எடுத்து, அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும்.

அன்று மாலையே மகள் அளவு ஸ்பூன்கள் ஒரு கொத்து வாங்கி வந்தாள். ஒரே மகள். கல்யாணமாகி நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முப்பத்து நான்கு வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். முதல் வாரம் லீவு போட்டுவிட்டு வந்து அவளே சமைத்தாள். தாளில் எழுதியிருந்தபடியே ஸ்பூனைத் தலைதட்டி, விரல் நுனியால் கொஞ்சம் தள்ளிவிட்டு, மிச்சத்தைத்தான் போட்டாள். அம்மாக்காரி இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். நாக்கு செத்துப்போய்விட்டது என்றாள்.

இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்பூனை நம்பி ஓர் உயிரை ஒப்படைப்பதா? ஒரு டீஸ்பூனையும் கால் டீஸ்பூனையும் வளையத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போனார். டிரம்மிலிருந்த உப்பை டீஸ்பூனில் அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டி, சின்னத் தராசில் கொட்டினார். நான்கு கிராம் காட்டியது. மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் நான்குதான். ஐந்துக்கு ஒரு ஸ்பூனே போதாது, கால் ஸ்பூன் சேர்க்க வேண்டும். அந்தப் பெண் என்னவோ இதிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள்! புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவர்களின் லட்சணம் இதுதான் என்று அன்று முழுக்க அடுப்புக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு மனசு ஒப்பவில்லை.

"அவங்க குறைக்கச் சொல்றாங்க, நீங்க கூட்டறீங்களே அப்பா. தாள்ல இருக்கிறபடியே போடலாமே."

"தாள் எழுதினவ எடை போட்டுப் பார்த்தாளா? நான் பார்த்துட்டு வந்திருக்கேன். உப்புப் பெறாத விஷயத்துக்கு எங்கிட்ட வந்து வாதாடாத."

அவரிடம் எடையைப் பற்றி வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. மகள் லீவு முடிந்து வேலைக்குப் போனாள். இவர் முதலாளியம்மாவிடம் சொல்லி மதிய ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டார். சின்னத் தராசு கடைச் சொத்து, வீட்டுக்கு வராது; ஸ்பூனைத்தான் எடை போட்டுப் பார்த்தாகிவிட்டதே, இனி அதுவே போதும் என்று இருந்துவிட்டார்.

காலையில் குளித்ததும் முதல் வேலை உப்பு அளப்பது. நீலப் பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்பூன், தலைதட்டி. பிறகு கால் ஸ்பூன், அதுவும் தலைதட்டி. இரண்டும் மூடி போட்ட ஒரு குட்டி டப்பாவில் விழும். அன்றைக்கு அவள் வாயில் போகும் எதிலும் அந்த டப்பா உப்பைத் தவிர வேறு உப்பு சேராது. காலையில் முட்டைக்கு, மதியம் சோற்றுக்கும் காய்க்கும், மிச்சம் ராத்திரி சூப்புக்கு. பிஸ்கட்டுக்குத் தடை, வறுவலுக்குத் தடை. முப்பத்தெட்டு வருஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்த ரொட்டியைக்கூட அவர் நிறுத்திவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தார்.

மனைவி தட்டை நகர்த்துவதை நிறுத்தினாள். "இப்பதாங்க சாப்பாடு மாதிரி இருக்கு" என்றாள். இவர் தலை கால் புரியாமல் பூரித்துப்போனார். அதே ஐந்து கிராம்தான், கைப்பக்குவம் வேறு என்று மகளிடம் சொல்லிக் குத்திக்காட்டவும் செய்தார். மனைவி தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஏதாவது ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சமைத்து அவள் சாப்பிட்டதில்லை. அந்தப் புதுமை இருவருக்கும் பிடித்திருந்தது.

மூன்றாம் மாதம் அவள் கால் வீங்கியது. ஐந்தாம் மாதம் மறுபடியும். டாக்டர் உப்பைப் பற்றிக் கேட்டார். இவர் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, தான் யார், என்ன வேலை, எப்படி அளக்கிறேன் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் தன் வேலை பாதியாகிவிடும் என்று டாக்டர் பாராட்டிவிட்டு, அப்படியானால் இருதயம்தான் இறங்கிக்கொண்டே போகிறது என்று மாத்திரையைக் கூட்டினார்.

ஏழாம் மாதம் மனைவிக்கு அறுபது வயது நிறைந்தது. இவர் ஷிஃப்டில் இருந்தபோது மகள் வந்து அம்மாவை ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு கிண்ணம் சூப், ஒரு துண்டு வறுத்த மீன். அவ்வளவுதான். திரும்பி வந்த மனைவியின் முகம் பளிச்சென்று இருந்தது. விஷயம் தெரிந்ததும் இவர் இரண்டு நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

வார்டுக்கு வெளியே வராந்தாவில், மருமகனும் மருமகனின் அம்மாவும் இவருடைய தம்பியும் நின்றுகொண்டிருக்க, இவர் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ஏழு மாசம் கிராம் கிராமா அளந்து காப்பாத்தி வச்சிருந்தேன். ஒரே வேளையில கெடுத்துட்ட."

அவளுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகன் மட்டும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். சமைத்து வைத்து, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். பேச்சு மாத்திரம் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. அவரும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அதை நம்பினார். அப்படி நம்புவது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்று மாதம் இப்படிப் போனது. பிறகுதான் முதலாளியம்மா அந்த அட்டை யோசனையோடு வந்தாள்.

வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கடைக்கு வந்து குறிப்புக் கேட்கிறார்கள். கிராமில் சொன்னால் விழிக்கிறார்கள். ஆகவே எந்தப் பொருள் ஒரு கப்புக்கு எத்தனை கிராம், ஒரு ஸ்பூனுக்கு எத்தனை கிராம் என்று ஓர் அட்டை அச்சடித்து இலவசமாகக் கொடுக்கலாம் என்பது அவள் திட்டம். அதைத் தராசண்ணனை விட்டால் வேறு யார் செய்வது? எதிரியின் கோட்டைக்கே தன்னைத் தூது அனுப்புகிறீர்களே என்று அவர் முனகினார். மனைவி போன பிறகு அவர் வேடிக்கையாக ஏதாவது பேசியது அன்றுதான் என்பதால், முதலாளியம்மா விடாமல் தலையில் கட்டினாள்.

மறுநாள் வீட்டிலிருந்து அந்த ஸ்பூன் கொத்தைக் கொண்டுவந்தார். கடையில் ஒரு கப் வாங்கினார். முதலில் மைதா. அப்படியே மூட்டையில் முக்கி அள்ளினால் நூற்று நாற்பத்தைந்து கிராம். கரண்டியால் மெதுவாக இட்டு நிரப்பினால் நூற்று இருபது. நிரப்பிவிட்டு மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினால் இன்னும் இருபதுக்கு இடம் வந்தது. ஒரே கப், ஒரே மாவு, மூன்று எடை! அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுப்புக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். சர்க்கரை இருநூறு என்று யோக்கியமாக நின்றது. கோகோ தூள் எண்பத்தைந்துக்குமேல் ஏறவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை போட்டு, தாளில் கோடு கிழித்து எழுதினார்.

உப்பு வந்தது. அதை எடை போடவே தேவையில்லை என்று நேராக நான்கு என்று எழுதப்போனார். முதலாளியம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நம்ம டிரம் உப்பு பருவெட்டு உப்பு. தண்ணியில கரைச்சு ஊத்தறதுக்காக வாங்கறது. வீட்டுல எல்லாரும் தூள் உப்புதானே வச்சிருப்பாங்க. அதையும் போட்டுப் பாருங்க."

சரி என்று பக்கத்துக் கடைக்குப் போய்த் தூள் உப்பு கேட்டார். கடைக்காரர் கொடுத்தது நீலப் பாக்கெட். அதே நீலப் பாக்கெட். அதைக் கையில் வாங்கியபோதுகூட அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வந்து, பாக்கெட்டை வெட்டி, அதே டீஸ்பூனில் அள்ளி, அதே கத்தியின் முதுகால் தலைதட்டிக் கொட்டினார்.

ஆறு.

தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். ஆறு. பக்கத்தில் டிரம் உப்பைப் போட்டார். நான்கு. மாற்றி மாற்றி எத்தனை தடவை போட்டாரோ, முதலாளியம்மா எப்போது நகர்ந்து போனாளோ, அவருக்குத் தெரியாது. இரண்டு உப்பையும் கல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒன்று குருணைபோல் விரலில் உருண்டது. குருணைக்கும் குருணைக்கும் நடுவில் எத்தனையோ வெற்றிடம். இன்னொன்று மாவுபோல் ஒட்டியது. இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிகிற சமாசாரம். தெரியாமல் போனது அவருக்குத்தான். தராசில் போடுகிறவனுக்குப் பொடி எது, பரல் எது என்ற கவலையே கிடையாது. ஐந்து கிராம் என்றால் எந்த உப்பானாலும் ஐந்து கிராம். முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சுகத்தில் இருந்துவிட்டு, இங்கே ஓர் உப்பை எடை போட்டு, அங்கே வேறோர் உப்பை அளந்திருக்கிறார்.

ஒரு ஸ்பூனும் கால் ஸ்பூனும். ஏழரை கிராம். ஐந்து என்று நினைத்து ஏழரை. அந்தச் சின்னப் பெண் எழுதியது சரி. மகள் சொன்னது சரி. "இப்பதாங்க சாப்பாடு மாதிரி இருக்கு" என்று மனைவி சொன்னதுகூட ரொம்பச் சரி. டாக்டரின் மேஜைமேல் டப்பாவை வைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆளை நினைத்ததும் அவருக்கு உடம்பு கூசியது. உனக்கு நானே போட்டேனேடி, என் கையாலேயே போட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னதை மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

பழக்கம் யாரை விட்டது? கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு நாளைக்கு இரண்டரை கிராம் கூடுதல். இருநூற்றுப் பதின்மூன்று நாள். ஐந்நூற்று முப்பத்திரண்டு கிராம், அரை கிராம் போகட்டும். நீலப் பாக்கெட்டிலிருந்து அதைப் பெரிய தராசில் நிறுத்து ஒரு பையில் கட்டினார். கையில் தூக்கிப் பார்த்தால் ஒரு சிறிய ரொட்டியின் கனம் இருந்தது. அட்டைக்கான தாளில் உப்பு என்று எழுதியதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் வீட்டுக்குப் போனார்.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் அன்றே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பை அலமாரியில் இருந்தது. அவள் உருளைக்கிழங்கு வேகவைத்தாள், சூப் வைத்தாள், தனக்கு முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவருடைய பங்கில் மட்டும் உப்புப் போட்டாள். அதை அவர் கவனித்தது அன்றுதான். இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்க நினைத்தார். உடம்பு இளைக்க ஏதோ செய்கிறாள்போல என்று விட்டுவிட்டார். மற்றதையும் அப்படியே விட்டுவிட்டார். அவள் பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, கோழை, கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் மருமகன் போன் செய்தான். முதல் நாள் கடையில் யாருக்கோ கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தலை சுற்றி விழுந்துவிட்டாளாம். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டில்தான் படுத்திருக்கிறாள். ஆனால் மாமாவிடம் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தது தன் தப்பு என்றான்.

"அத்தை போன நாள்லேர்ந்து அவ உப்பே சேர்த்துக்கறதில்ல மாமா. ஒரு கல்லு கூட. கேட்டா, அன்னைக்கு நான்தானே வாங்கிக் கொடுத்தேன்னு சொல்றா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

இவர் போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். பையை எடுத்துக்கொண்டு நேராகப் பேக்கரிக்குப் போனார். ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. தாளை எடுத்து, உப்புக்கு எதிரே தூள் ஆறு, பருவெட்டு நான்கு என்று எழுதினார். அதற்குக் கீழே, எந்த உப்பு என்று பார்த்து அளக்கவும் என்று ஒரு வரி சேர்த்தார். அட்டையில் அவ்வளவு இடம் இருக்காதே என்றாள் முதலாளியம்மா. கோகோவை எடுத்துவிடுங்கள், இது இருக்கட்டும் என்றார். பிறகு சின்னத் தராசை அதன் துணியில் சுற்றி, கொஞ்ச நேரம் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டார். அந்தத் தராசு கடையை விட்டு வெளியே போனது அதுவே முதல் தடவை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா எதற்கென்று கேட்கவில்லை.

மகள் வீட்டுச் சமையலறையில் ஒரு சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. மருமகன் அவரை உள்ளே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான். மகள் எழுந்து வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. இவர் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்று பயந்தார். தராசைப் பிரித்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்பூனை எடுத்தார். பேக்கரியிலிருந்து மடித்துக் கொண்டுவந்த பருவெட்டு உப்பைத் தலைதட்டிக் கொட்டினார்.

"இது எங்க கடை உப்பு. எவ்வளவு காட்டுது?"

"நாலு."

"உங்க வீட்டு உப்பை எடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். தட்டைத் துடைத்துவிட்டு அதையும் தலைதட்டிக் கொட்டினார். அவளே எட்டிப் பார்த்தாள். ஆறு. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்காக இதைக் காட்டுகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. அது விளங்குவதை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் கடையில எடை போட்டேன். வீட்டுல அளந்தேன். அம்மாவுக்கு அஞ்சு கிராம் போடல பாப்பா. ஏழரை போட்டேன். ஒரு நாள் விடாம போட்டேன்."

பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏழு மாதத்துக் கூடுதல் இது என்றார். அவள் அதைத் தொடவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்க" என்றாள் அவள்.

"சொன்னேன்."

"என் மாமியார் முன்னாடி, சித்தப்பா முன்னாடி" என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, "ஒவ்வொரு வாய் சாப்பிடறப்பவும் அந்த சூப் கிண்ணம்தான் கண்ணுல நின்னுது அப்பா" என்றாள்.

அவர் கையைக் கூப்பிவிட்டார். பெற்ற மகளைப் பார்த்து அப்படிச் செய்யக் கூடாதென்று தெரியும். ஆனால் கை தானாகக் கூடிவிட்டது. அவள் சட்டென்று எழுந்து அந்தக் கைகளைப் பிரித்துவிட்டாள். கோபத்தில் பிரித்தாளா, தாங்கமாட்டாமல் பிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பிரித்தவள் அப்படியே மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதாள். மூன்று மாதம் தேக்கி வைத்த அழுகை. அதில் அம்மாவுக்காக எவ்வளவு, தன் தலையிலிருந்து இறங்கிய பாரத்துக்காக எவ்வளவு என்று பிரிக்க எந்தத் தராசாலும் ஆகாது. அவளுக்கே தெரிந்திருக்காது.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம் போய்க் கேட்கலாமா என்றாள். உப்பாலேயே ஆனதா, எப்படியும் ஆகியிருக்குமா என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"வேணாம். போனா ஆறுதல்தான் சொல்வாரு."

அவள் தலையாட்டினாள். அவர்கள் இருவருக்கும் அந்தப் பதில் ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. பிறகு அவள் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டா."

"அன்னைக்கு ஒரு நாளாவது நாக்குக்கு ருசியாச் சாப்பிடட்டுமேன்னுதான் கூட்டிட்டுப் போனேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்போ தினமும் ருசியாத்தான் சாப்பிட்டிருக்காங்க."

அதை அவள் சமாதானமாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா? அவள் எழுந்துபோய் அடுப்பில் இருந்ததைச் சூடாக்கினாள். காலையில் மருமகன் வைத்துவிட்டுப் போன சோறும் வெந்த காயும். அவளுக்காக வைத்தது, அதனால் எதிலும் உப்பு இல்லை. இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தராசையும் பையையும் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தாள்.

ஒரு வாய் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்துவிட்டு, உப்பு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். ஸ்பூனைத் தேடவில்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை கிள்ளித் தன் தட்டில் தூவினாள். பிசைந்து வாயில் போட்டாள். மென்றுகொண்டிருக்கும்போதே மறுபடியும் கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்காமல் அடுத்த வாயையும் எடுத்துச் சாப்பிட்டாள். மகள் சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் இன்னொரு சிட்டிகை எடுத்து அவர் தட்டின் பக்கம் கையை நீட்டினாள்.

அவர் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டார்.

"எனக்கு வேணாம் பாப்பா" என்றார். "நீ போட்டுக்கோ."